ஆளில்லா வளவின் மரம்

தீவுப்பகுதியில் ஒரு மாமரத்தைக் கண்டால் அதன் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கும், அல்லது இருந்திருக்கும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் இதுதான் கணக்கு. சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லியதாகப் படிந்த மண், உவர் ஏறும் நிலத்தடி நீர், மாரி போனால் மாதக்கணக்கில் நீளும் வெயில். பனைக்கும் வேம்புக்கும் இலந்தைக்கும் இது போதும். மாவுக்கும் பலாவுக்கும் தோடைக்கும் போதாது. அவை நிற்கின்றன என்றால், யாரோ ஒருவர் முதல் நாலைந்து கோடைகளில் நல்ல தண்ணீரைச் சுமந்து வந்து ஊற்றியிருக்கிறார் என்பது பொருள். வீட்டின் கூரை போய், சுவர் இடிந்து, வேலி இருந்த தடமும் மறைந்த வளவுகளில் அந்த மரங்கள் மட்டும் சாட்சியாக நிற்பதைத் தீவுப் பாதையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

நான் மரம் கடைபவன். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது 18. புத்தளத்தில் ஒரு தளபாடப் பட்டறையில் கட்டில் காலும் கதிரைக் காலும் தொட்டில் கம்பும் கடைந்து தொழில் பழகினேன். 2011இல் திரும்பி வந்து, வேலணையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து லேத் மெசினை இறக்கினேன். கடைந்த கட்டில் காலைக் கேட்பார் இப்போது அதிகம் இல்லை. ஆகவே கிண்ணம், தட்டு, மூடியுள்ள சிமிழ் என்று கை மாறியது. மரத்தில் செய்த பாத்திரத்துக்கு மரவை என்று தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது. பொருள் புழக்கத்தில் இல்லாமல் போனதால் சொல்லும் அகராதிக்குள் போய்விட்டது.

இந்த வேலைக்குப் பழமரம்தான் எனக்கு வாய்த்தது. மரம் அரியும் ஆலைக்கு நேரான, நீளமான குற்றி வேண்டும். தீவின் மாவும் நாவலும் விளாவும் காற்றுக்கு வளைந்து, தாழ்விலேயே கவர் விட்டு வளர்பவை. பலகைக்கு ஆகாது என்று விறகுக்குப் போகும். கடைசல்காரனுக்கோ வளைவு ஒரு குறையல்ல. கவர் பிரிகிற இடத்தில்தான் நார் ஒன்றோடொன்று முறுகி, கடைந்து எண்ணெய் பூசும்போது நீரோட்டம் போலத் தெரியும். எனக்கு வருகிற குற்றிகளில் பாதி, காணிக்காரரே வந்து நின்று வெட்டுவித்த மரங்கள். வீடு கட்டுகிறார்கள், மதில் எழுப்புகிறார்கள், வேர் சுவரைத் தள்ளுகிறது. அவற்றைப் பற்றிக் கேள்வி இல்லை; விலை பேசி வாங்குகிறேன். மற்றப் பாதி ஆளில்லா வளவுகளில் தானாக விழுந்தவை. 2020 டிசம்பரில் புரெவிப் புயலோடு வந்த காற்றிலும் மழையிலும் அப்படிப் பல விழுந்தன. இந்தக் கட்டுரை அந்த மற்றப் பாதியைப் பற்றியது.

லொறியில் கொண்டுவரும் தம்பி எப்போதும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "ஆரும் இல்லாத வளவு அண்ணை. நீங்கள் எடுக்காட்டி விறகுக்குத்தான் போகும்." அவர் சொல்வதில் பொய் இல்லை. அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் அது என்னைத் தொந்தரவு செய்கிறது. அழியப்போகும் ஒன்றை அழிவிலிருந்து எடுத்தவனுக்கு அதன் மேல் என்ன உரிமை? காப்பாற்றுவது என்பதும் எடுத்துக்கொள்வது என்பதும் எந்த இடத்தில் பிரிகின்றன?

முதலில் தொழிலின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லவேண்டும். விழுந்த மரம் காத்திருக்காது. ஈர மரம் காயும்போது வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் உருட்டாகவே கிடக்கும் குற்றி நடுநெஞ்சிலிருந்து விளிம்புவரை பிளந்துவிடும். நெஞ்சைப் பிளந்து இரண்டாக்கி, வெட்டு முகத்தில் மெழுகு உருக்கிப் பூசி, ஈரத்தோடேயே தடிப்பாக ஒருமுறை கடைந்து வைக்கவேண்டும். ஓர் அடி அகலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தடிப்பு விடுவேன். பிறகு காற்றுப் படாத மூலையில் பல மாதம். அதற்குள் அது கோணி முட்டை வடிவமாகிவிடும். அந்தக் கோணலை இரண்டாம் முறை கடைந்து எடுத்தால்தான் பாத்திரம். மாரியில் நிலத்தில் கிடந்த மாமரத்துக்குள் பூஞ்சணம் இறங்கிக் கறுப்புக் கோடுகள் போடும். அந்தக் கட்டத்தில் எடுத்தால் அழகு. சற்றுத் தாமதித்தால் உக்கல். அதற்கும் பிறகு கறையான். ஒரு குற்றியில் பாதிக்கு மேல் சீவலாகவே கீழே விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, உரியவர் வரும்வரை அப்படியே வைத்திருப்போம் என்ற எளிய நேர்மை இங்கே செல்லுபடியாகாது. தொடாமல் வைத்தால் அமானிதம் உக்கிப்போகும். தொட்டால் அது வேறொன்றாக மாறிவிடும். உருமாற்றாமல் காக்க முடியாத ஒரு பொருளை எப்படி அமானிதமாக வைத்திருப்பது?

குற்றிக்குள் சில வேளைகளில் இரும்பு இருக்கும். வெளியே பட்டை மூடி, காயம் ஆறி, ஒன்றும் தெரியாது. உளி பட்டதும் தீப்பொறி பறக்கும், உளி முனை போகும். செல் துண்டு, ரவை, வேலிக்கு அடித்த ஆணி. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகக் கறை படரும். இப்போது காந்தம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெசினில் ஏற்றுகிறேன். முதலாம் உலகப்போர் நடந்த பிரான்சின் காடுகளிலிருந்து வரும் மரங்களையும் அரிவு ஆலைகள் இப்படிச் சோதித்தே எடுக்கின்றன. போர் முடிந்து நூறு ஆண்டு கடந்தும் மரத்துக்குள் அது முடியவில்லை. ஆரும் இல்லாத வளவு என்று சொல்லும்போது இதையும் நினைக்கவேண்டியிருக்கிறது. அந்த வளவு தானாக ஆளில்லாமல் போகவில்லை.

சட்டத்திடம் கேட்டுப் பார்த்தேன். மரம் என்றால் யாழ்ப்பாணத்துச் சட்டம் வாய் பேசாமல் இருந்ததில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில், இன்னொருவர் நிலத்தில் மரம் நட்டவனுக்கும் நிலத்துக்காரனுக்கும் பலனை எப்படிப் பங்கிடுவது என்று விதி இருக்கிறது. கன்றைக் கொண்டுவந்தது யார் என்று பார்த்துப் பங்கு மாறும். நிலம் வேறு, நட்ட உழைப்பு வேறு என்பதை அந்த விதி தெரிந்து வைத்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்கிறது. காய்க்கிற மரத்தைச் சட்டமும் தனியாகத்தான் பார்த்திருக்கிறது.

காணி விடயத்தில், 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இன்னொருவர் காணியைத் தடையின்றிப் பத்து வருடம் எதிருரிமையோடு ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவனுக்கு இது எவ்வளவு கொடூரம் என்பதை நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம். வரமுடியாமல் இருந்த வருடங்களும் வராமல் இருந்த வருடங்களாகவே எண்ணப்பட்டன. 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, போரினால் தம் காணிக்குப் போகமுடியாதவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்றது. வராமைக்கும் வரமுடியாமைக்கும் வேறுபாடு உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்தது.

ஆனால் அது காணிக்கு. விழுந்த மரம் காணியல்ல, அசைகிற பொருள். அடுத்தவன் பொருளை ஒருவன் வேறு பொருளாக்கினால் அது யாருடையது என்று பழைய ரோமில் இரண்டு பள்ளிகள் சண்டை பிடித்தன. மூலப்பொருள்காரனுக்கே என்றது ஒன்று. செய்தவனுக்கே என்றது மற்றது. அவர்கள் எடுத்த உதாரணங்களில் திராட்சையிலிருந்து வந்த வைனும் உண்டு, பலகையிலிருந்து வந்த கப்பலும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் ஒரு சமரசம் செய்தார்: பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதென்றால் மூலப்பொருள்காரனுக்கு, திரும்பமுடியாதென்றால் செய்தவனுக்கு. வெள்ளிக் கிண்ணத்தை உருக்கி வெள்ளியாக்கலாம். மரக்கிண்ணத்தைக் குற்றியாக்க முடியாது. ஆக, அந்த வழியில் போனால் கிண்ணம் எனக்கு. இலங்கையில் இன்றும் எஞ்சியிருக்கும் ரோமன்-டச்சுச் சட்டம் இந்த மரபிலிருந்து வந்ததுதான்.

நமது ஃபிக்ஹிலும் இதே பிளவு உண்டு. அபகரித்த பொருளைப் பெயரும் பயனும் மாறும்படி உருமாற்றினால் அது மாற்றியவனுக்குச் சேரும், ஆனால் ஈடு கொடுக்காமல் அனுபவிக்கக்கூடாது என்பது ஹனஃபி வழி. உருமாறினாலும் உரியவனின் ஹக் அறுவதில்லை என்பது ஷாஃபி வழி. நான் அபகரித்தவன் அல்லன், என்றாலும் ஷாஃபி வழியில் வளர்ந்தவன். உளி எவ்வளவு ஆழம் போனாலும் அந்தப் பழைய ஹக்கை வெட்டி எறிய முடியாது என்பதில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. என் உழைப்பு என்னுடையதாக இருக்கட்டும். தண்ணீர் சுமந்தவரின் உழைப்பு எங்கே போகும்?

கண்டெடுத்த பொருளைப் பற்றி, ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே. ஒருவர் வந்து கேட்கிறார். பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்றாக அடையாளம் தெரிந்துகொண்டு ஓராண்டு அறிவிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) சொல்கிறார்கள். அதன் பிறகும் ஆள் வராவிட்டால் பயன்படுத்தலாம். தவறிய ஆட்டைப் பற்றிக் கேட்டபோது, அது கண்டவனுக்கு, அல்லது அவன் சகோதரனுக்கு, இல்லையேல் ஓநாய்க்கு என்றார்கள். தவறிய ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோதோ முகம் சிவக்கக் கோபப்பட்டார்கள். ஒட்டகத்தின் நீரும் கால்களும் அதனிடமே இருக்கின்றன; உரியவன் வந்து சேரும்வரை அதை விட்டுவிடவேண்டும் என்பது கருத்து.

என் கொட்டகையின் சட்டத்தை இதிலிருந்துதான் எடுத்தேன். நிற்கிற மரம் ஒட்டகம். அதற்கு வேர் இருக்கிறது, தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். பட்டுப்போனதுபோலத் தெரிந்தாலும், வளவு காடு பற்றிக் கிடந்தாலும், நிற்கிற மரத்தை ஆள் வைத்து வெட்டுவிப்பதில்லை. விழுந்த மரம் ஆடு. கறையானுக்கு முந்தவேண்டும்.

ஃபிக்ஹின் நுணுக்கத்தில் இது முழுமையான ஒப்புவமை அல்ல என்பது தெரியும். தொலைந்த பொருள் என்பது உரியவன் கையிலிருந்து தவறியது. இங்கே காணி தொலையவில்லை. வரைபடத்தில் இருக்கிறது, உறுதி எங்கேயோ ஒரு பெட்டியில் இருக்கிறது. தொலைந்தவர் காணிக்காரர்தான். ஆனாலும் அந்த ஆட்டுக்குச் சொன்னதில் ஒரு சொல்லை நாம் அவசரத்தில் தாண்டிப்போகிறோம். எனக்கும் ஓநாய்க்கும் இடையில் சகோதரன் ஒருவன் நிற்கிறான். 2022இல் எரிவாயு இல்லாமல், நாளில் பாதிக்கு மேல் மின்சாரமும் இல்லாமல் நாடு கிடந்தபோது என் மெசின் நின்றது, அயல் வீடுகளில் அடுப்புக்கு விறகு தேடினார்கள். கொட்டகையில் கிடந்த குற்றிகளில் கடையத் தொடங்காதவற்றை விறகுக்கே கொடுத்தேன். விறகாகப் போனால் அழிவு, கிண்ணமானால் மீட்சி என்று ஒரு பெருமை கடைசல்காரனுக்கு இயல்பாக வரும். பசித்த வீட்டுக்கு முன்னால் அந்தப் பெருமை நிற்கவில்லை.

இனி, மறுபக்கம். சோனகதெருவில் எங்கள் வளவில் கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் நின்றது. வீட்டின் முன் நிலையும் கதவும் முதிரை மரம். வாப்பா பார்த்துப் பார்த்துச் செய்வித்தவை. 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு போய்ப் பார்த்தபோது கூரை இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. மாமரம் இருந்த இடத்தில் அடிக்கட்டை. எடுத்தவர்கள் எல்லோரும் கள்வர்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது இயல்புதான். ஆனால் இப்போது தொழில் என்னை வேறு விதமாகவும் யோசிக்கவைக்கிறது. பன்னிரண்டு மாரி நனைந்தால் எந்தக் கதவு தாங்கும்? யாரோ ஒருவர், உக்கப்போகிறதே என்று கழற்றிக்கொண்டுபோய்த் தன் வீட்டுக்குப் போட்டிருக்கலாம். இடம்பெயர்ந்து வந்து, கதவில்லாத வீட்டில் பெண்பிள்ளைகளோடு இருந்தவராகவும் இருக்கலாம். "ஆரும் இல்லாத வளவு" என்று யாரோ ஒரு தம்பி அவரிடமும் சொல்லியிருப்பார். எங்கள் வளவைப் பற்றி.

ஒரே தராசில் இரண்டையும் நிறுக்கவேண்டும். அவர் எடுத்தது களவு என்றால் நான் எடுப்பது எப்படி மீட்பாகும்? நான் எடுப்பது மீட்பு என்றால் அவர் எடுத்ததை எப்படிக் களவு என்பேன்? பொருளின் அளவிலும் மரத்தின் நிலையிலும் வித்தியாசம் காட்டலாம். ஆனால் நான் தேடுவது அதைவிட உறுதியான ஒரு கோடு. பல நாள் யோசித்ததில், அந்தக் கோடு அறிவித்தலில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஹதீஸிலும் முதல் கடமை திருப்பிக் கொடுப்பது அல்ல. அடையாளத்தைத் தெரிந்துகொள்வதும் அறிவிப்பதும்தான். பயன்படுத்துவதும் ஈடு கொடுப்பதும் அதற்குப் பின்னால் வருபவை.

அதனால் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஊர், வளவு, கிணற்றுக்கு எந்தப் பக்கம், விழுந்த மாதம், குற்றியின் அளவு, விறகு விலைக்கு அதன் பெறுமதி. பட்டையோடு ஒரு துண்டை அறுத்து இலக்கம் போட்டு வைக்கிறேன். பையும் கயிறும் எனக்கு அவைதான். பிறகு விசாரிப்பேன். கிராம அலுவலரிடம், கோயில் சபையில், தேவாலயத்தில், பள்ளிவாசலில், பழைய வாத்தியார் ஒருவரிடம். தீவார் பாரிஸிலும் டொரன்டோவிலும் இருந்தாலும் ஊர்ச் சங்கம் வைத்திருப்பார்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் குற்றி வருவது அபூர்வம். வள்ளத்தில் ஏற்றி இறக்கும் கூலி மரத்தின் விலையைத் தாண்டிவிடும். வந்தாலும் அதே விசாரணைதான்.

இப்படி ஒருமுறை பாரிஸில் இருக்கும் ஒரு முதியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய வளவின் மாமரம் விழுந்துவிட்டது, குற்றி என்னிடம் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "அது இன்னும் நிக்குது எண்டல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவர் ஊரை விட்டு முப்பது வருடம். அந்த முப்பது வருடமும் அவருக்குள் அந்த மரம் நின்றது. அன்று மாலை ஒரு கடைசல்காரன் எடுத்த தொலைபேசியில் அது விழுந்தது. இதைக் கேட்ட நண்பர் ஒருவர் என்னைக் கடிந்தார். "ஏன் நானா சொல்லப்போனீங்க? குற்றிக்கு அவர் காசா கேட்கப்போறார்? மனசுக்குள்ளயாவது நின்டிருக்குமே." இரக்கமான வாதம்தான். என் கொள்கைக்கு இதுவரை வந்த எதிர்வாதங்களில் வலுவானதும் இதுவே. அறிவித்தல் வலிக்காத காரியம் என்று அதுவரை நானும் எண்ணியிருக்கவில்லை. ஆனால் வலியே அதன் முழுப் பலனாக இருக்கக்கூடும் என்று எண்ணியதில்லை.

இருந்தும் நண்பரோடு என்னால் உடன்பட முடியவில்லை. மரம் விழுந்ததைத் தெரிந்த ஊரும், தெரியாத சொந்தக்காரரும் என்ற நிலையில், அவர் தன் வளவுக்கே அந்நியராகிறார். அவர் எதைத் தெரிந்திருக்கலாம், எதைத் தெரியாமல் இருப்பது நல்லது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். குற்றியை எடுப்பதைவிட அது பெரிய எடுப்பு. தூரத்தில் இருப்பவரிடம் எஞ்சியிருக்கும் உரிமை பழத்திலோ நிழலிலோ இல்லை. தன் பொருளுக்கு என்ன நடந்தது என்று அறிகிற உரிமை ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அந்த முதியவர் ஒரு வாரம் கழித்துத் தானே தொலைபேசி எடுத்தார். காசைப் பற்றிக் கதைக்கவில்லை. "கிணத்துப் பக்கம் விழுந்ததோ, ரோட்டுப் பக்கம் விழுந்ததோ?" என்று கேட்டார். கிணற்றுப் பக்கம் என்றேன். தகப்பன் கட்டின கட்டு உடைஞ்சதோ என்றார். இல்லை என்றேன். அந்தக் கேள்விகளைக் கேட்கிற உரிமை அவருடையது.

உரியவர் யாரும் அகப்படாவிட்டால்? ஓராண்டு பார்க்கிறேன். கடைந்து விற்றாலும் குற்றியின் பெறுமதியைக் கொப்பியில் அவர் கணக்கில் எழுதி வைக்கிறேன். இது எந்நாளும் முடியாத கடனா என்று கேட்கலாம். நெடுந்தீவில் பழைய பெருக்குமரம் ஒன்று நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய மரம், அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்று சொல்லுவார்கள். நட்டவர் பெயரும் அவர் வழிவந்தோரும் எவருக்கும் தெரியாது. அறிவிப்பதற்கு ஆள் ஒருவரும் இல்லை என்ற நிலையில் அது ஊருக்கும் வழிப்போக்கருக்கும் சொந்தமாகிவிட்டது. கடன் அங்கேதான் முடிகிறது. தீவுகளின் வளவுகள் அந்த நிலைக்கு வரவில்லை. நட்டவர்களும் நட்டவர்களின் பிள்ளைகளும் உயிரோடு, தொலைபேசி எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆளில்லாத வளவு என்று நாம் சொல்வது பெரும்பாலும், கேட்டுப் பார்க்காத வளவு.

எங்கள் முதிரைக் கதவு யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு வீட்டில் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். முதிரை இலகுவில் உக்காது. அதைக் கழற்றித் தா என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், கதவும் அவர்களுக்குப் பழகியிருக்கும். வாப்பா மௌத்தாகும்வரை புத்தளத்தில் இருந்து அந்தக் கதவைப் பற்றிக் கதைத்தார். உங்கள் கதவு எங்களிடம் இருக்கிறது, மழை படாமல் இருக்கிறது என்று ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தால், அவருக்கு அது வலித்திருக்கும். அதன் பிறகு, அந்தப் பாரிஸ் முதியவரைப்போல, கேட்பதற்கு அவரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் இருந்திருக்கும்.